வாடகையில் பச்சை வெளிச்சமும் சேர்த்திதானா

1

"படத்துல இருக்கு, வீட்டுல இல்லைன்னா என்னங்க அர்த்தம்?"

"எது இல்லை? ஜன்னல் இருக்கு, அலமாரி இருக்கு, குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"பச்சை வெளிச்சம். அலமாரிக்குப் பக்கத்துச் சுவத்துல வட்டமா இருந்துச்சே. அதைப் பாத்துத்தான் வந்தேன். ஜன்னல் கம்பிக்கெல்லாம் ஊதா பார்டர் வேற இருந்துச்சு."

இந்தக் கதை பிறந்தது என் கற்பனையில் அல்ல, எதிர்வீட்டு மாடியில். நான் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். (காய்ந்த துணியைத்தான் மறுபடி காயப்போட்டேன். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)

குரலை உயர்த்தியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர். பதிலுக்கு நின்றவள் தையலக்கா. கீழே குடியிருந்து தைக்கிறாள், மாடியை வாடகைக்கு விடுகிறாள். நடுவில் செல்போனைப் பிடித்தபடி விழித்தவன் அவள் தம்பி. படம் எடுத்து விளம்பரம் போட்ட புண்ணியவான் அவன்தான்.

2

தொடக்கத்தை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். "காலியான அறைக்குள் மாலை வெயில் ஒரு..."

வேண்டாம். வெயிலை வர்ணித்தால் நீங்கள் பக்கத்தைத் தள்ளிவிடுவீர்கள். ஆனாலும் வெயிலை விட முடியாது, குற்றவாளியே அதுதான்.

செல்போன் கேமராவுக்குள் குட்டிக் குட்டி லென்ஸுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெயில் நேராக உள்ளே புகுந்தால், அவற்றுக்கிடையே முட்டி மோதி, படத்தில் சம்பந்தமே இல்லாத மூலையில் பச்சை வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சத்தை ஒட்டிய கம்பிகளின் ஓரத்தில், ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் பச்சையும் கசியும், மட்டமான துணி சாயம் விடுவதைப்போல. இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

(லென்ஸ் விற்றே வயிறு வளர்க்கிறவருக்குமா தெரியாது என்று கேட்பீர்கள். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கும் அதே சந்தேகம்தான்.)

3

வேறொருத்தியாக இருந்தால், "பிடிச்சா இருங்க, இல்லாட்டி நடையைக் கட்டுங்க" என்றிருப்பாள். தையலக்காவால் முடியவில்லை. முன்பு குடியிருந்த குடும்பம், எந்நேரமும் தண்ணீர் வரும் என்று அவள் புளுகிவிட்டதாகத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுக் காலி செய்தது. (மோட்டார் கெட்டது ஒரே ஒரு வாரம்.) அன்றிலிருந்து அவள் பெயர் 'புளுகு டெய்லர்'. சட்டை நாளைக்குத் தயார் என்று அவள் சொன்னால், வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டும் போனார்கள். இந்த மனுஷரும் அதே புகாரோடு படியிறங்கினால், அவள் மெஷினுக்கு உறை போட வேண்டியதுதான்.

"நான் சொன்னா சொன்னதுதான்," என்றாள் தையலக்கா. "படத்துல இருக்கிறதெல்லாம் வீட்டுல இருக்கும். ஞாயித்துக்கிழமை வாங்க."

"அக்கா, அது வெறும் வெளிச்சம். எங்க போய் வாங்குவ?"

"நீ வாயை மூடு. எடுத்த லட்சணத்துக்குப் பேச்சு வேற."

4

அவளுக்குத் தெரிந்தது தையல். தையல் தெரிந்தவள் என்ன செய்வாளோ அதைச் செய்தாள்.

படத்தைப் பெரிதாக்கி, செல்போன் திரையிலேயே நாடாவை வைத்து அளந்தாள். ஒவ்வொரு ஜன்னல் கம்பிக்கும் இடப்பக்கம் ஊதா, வலப்பக்கம் பச்சை என்று உறை தைத்து மாட்டினாள். பச்சை சாட்டின் துணியை வட்டமாக வெட்டி, ஓரம் மடித்து, அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். (இந்த இடத்தை நம்பும்படி எழுத மூன்று தடவை முயன்றேன். நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் நம்ப முடியாமல் போகிறது.)

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வந்தார். கம்பி உறையைத் தடவினார். சாயம் போகுமா என்று விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"தையல் சுத்தமா இருக்குங்க," என்று சொல்லிவிட்டு, அத்தாட்சிக்கு ஒரு படம் எடுத்தார்.

"என்னங்க, ரெண்டு இருக்கு?"

"நான் ஒண்ணுதான வெட்டினேன்?"

"படத்துல ரெண்டு இருக்கே. கதவுக்கு மேல பாருங்க."

கதவுக்கு மேலும் ஒன்று ஒட்டினாள். அடுத்த ஞாயிறு எடுத்த படத்தில் மூன்றாவது வட்டம் கூரைக்குப் போயிருந்தது. தம்பியை ஏணியில் ஏற்றினாள்.

"அக்கா, இது நிக்கப்போறதில்லை," என்றான் அவன் மேலிருந்து. "நீ தைக்கத் தைக்க அது குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்."

5

கடைக்காரர் அடுத்த படத்துக்குக் கையை உயர்த்தினார். தையலக்கா செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போய் ஜன்னல்கிட்ட நில்லுங்க."

"நானா? எதுக்குங்க?"

"நில்லுங்கன்னா நில்லுங்க. சிரிக்கவெல்லாம் வேண்டாம்."

எடுத்த படத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். வழுக்கையைச் சுற்றி ஊதா விளிம்பு. மூக்கு நுனியில் பச்சை வட்டம்.

"இது உங்க மூக்குதானே?"

"ஆமா."

"பச்சை எங்க?"

அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். குளியலறைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"இல்லைங்க."

"நான் ஒண்ணுக்கு மூணா ஒட்டிட்டேன். நீங்க எப்ப ஒட்டப்போறீங்க?"

தம்பி ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைக்காரர் சிரிக்கவில்லை. "நியாயம்தான். நாளைக்கு வரேன்," என்றார்.

மறுநாள் சாமான் வண்டியோடு வந்து இறங்கினார். மூக்கு நுனியில், கடையில் லென்ஸின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் பச்சையாக ஒன்று. கட்டிலை மாடிக்கு ஏற்றி முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.

6

இனி முடிவு.

(அ) அவருக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். அவளைப் பார்க்கத்தான் வந்து வந்து போனார். இனிப்பு ஜாஸ்தி. ஆசை வைத்தவன் சாட்டினில் சாயம் போகுமா என்று அப்படித் தேய்க்க மாட்டான்.

(ஆ) அவர் வடிகட்டின முட்டாள். அப்படியானால் அந்த ஸ்டிக்கரைப் பார்த்து அவள் ஏன் உள்ளே ஓடிப்போய் அவ்வளவு நேரம் சிரித்தாள்?

(இ) ஒருநாள் மழையில் அந்த சாட்டின் வட்டங்கள் எல்லாம்...

இல்லை, மூன்றும் வேண்டாம். நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொன்னாராம்: "அந்தம்மா ஒரு வெளிச்சம்தான் இருக்கும்னாங்க. குடி வந்தா மூணு இருக்கு. அப்படி ஒரு நாணயம்." திரும்பிப் போன துணியெல்லாம் மறுபடி வந்து குவிந்தது. இப்போது "நாளைக்குத் தயார்" என்று அவள் சொன்னால் தெருவே நம்புகிறது. சட்டை என்னவோ அடுத்த வாரம்தான் கிடைக்கிறது.

தம்பி, கண்ணாடிக் கடையில் பில் போடும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். போன மாதம் எதிர்வீட்டுக் கீழ்ப்பகுதியிலும் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. தையலக்கா எங்கே குடிபோனாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தம்பியோடு போயிருக்கலாம். மெஷின் சத்தம் என்னவோ தினமும் கேட்கிறது. எந்த மாடியிலிருந்து என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை.