அடைக்கச் சொன்னவர்

என் வீட்டுக்காரர் பொன்னுதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் பக்கத்தில் சார் என்பது சாறு ஆகிவிடும், ஊரே அவரைச் சாறு என்றுதான் கூப்பிடும். நல்ல மனுஷன். ஆனால் ஐம்பத்து நாலில் எல்லைப் போராட்டம் சூடு பிடித்ததும் அவருக்குப் பிடித்த கிறுக்கை இன்றைக்கும் நான் சொல்லிச் சிரிப்பேன். திருவிதாங்கூர்-கொச்சியில் கிடந்த எங்கள் தமிழ் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் மறுப்பில்லை. எங்கள் பாறசாலைச் சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மோகனன் ஒருநாள், "இந்த மண்ணு எங்கயும் போவாது சாறே," என்று சொல்லிவிட்டார். அன்றோடு அந்தக் கடைப் படி மிதிக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் வந்தது.

என் கல்யாணச் சேலை அந்தக் கடையில் எடுத்தது. மகள் புஷ்பபாயின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளைத் துணி எடுத்ததும் அங்கேதான். அவள் கல்யாணச் சேலையை மட்டும் மெட்ராஸ் கம்பெனி ஒன்றிலிருந்து தபாலில் வரவழைக்கப் போகிறாராம். கம்பெனி அனுப்பிய படப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

"தொட்டுப் பாக்காம சேலை எடுப்பாவளா?" என்று கேட்டேன்.

"தமிழனுக்க கம்பெனி ஆக்கும். ஏமாத்த மாட்டான்," என்றார்.

கம்பெனிக்காரன் ஏமாற்றவில்லைதான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தபால்காரர் யோவான் ஒரு கார்டு கொண்டுவந்தார். சென்னை ராஜ்யத்தில் பாறசாலை என்று ஓர் ஊரே இல்லையாம், பார்சல் அலைந்து திரிந்து கம்பெனிக்கே வந்துவிட்டதாம், சரியான முகவரி வேண்டுமாம்.

"முகவரில என்ன எழுதினிய?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். பாறசாலை, தமிழ்நாடு என்று எழுதியிருக்கிறார். திருவிதாங்கூர்-கொச்சி என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. டெல்லியில் ஒருத்தரும் முடிவு செய்வதற்கு முன்னாலேயே இவர் ஊரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

சரி, இங்கேயே எடுக்கலாம் என்றால் எந்தக் கடை திறந்திருக்கிறது? போராட்டத்துக்காக அந்த வாரம் முழுக்கக் கடையடைப்பு. கடை கடையாக ஏறி அடைக்கச் சொன்னவரும் இவரேதான். சேலைதான் தபாலில் வருகிறதே என்ற தைரியம். மோகனன்கூட மறுபேச்சில்லாமல் அடைத்துவிட்டான் என்று வந்து பெருமையடித்தார். பஸ்ஸும் ஓடாததால் நாகர்கோவிலுக்கும் போக வழியில்லை.

நான் நேரே மோகனன் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. விஷயத்தைச் சொன்னேன்.

"கடை அடைச்சாச்சே அக்கா," என்றார்.

"எனக்குத் தெரியாதா? அடைக்கச் சொன்ன ஆளுகூடத்தானே குடும்பம் நடத்துதேன்."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ சாறு வரட்டும். அடைக்கச் சொன்ன வாயாலதான் திறக்கவும் சொல்லணும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

வீட்டில் வந்து சொன்னதும் இவர் குதித்தார். "நான் அடைச்ச கடைய நானே திறக்கச் சொல்லவா? ஊரு சிரிக்கும்."

புஷ்பபாய் மெதுவாக, "செரி அப்பா, நான் அம்மைக்க பழைய சேலைய உடுத்துக்கிடுதேன்," என்றாள்.

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். இந்தக் காட்சியை விடுவேனா?

மோகனன் முற்றத்தில் நின்றார். இவர் எதிரில் போய்த் தொண்டையைச் செருமினார். "மோகனா, கடைய..." வார்த்தை அதோடு நின்றுவிட்டது.

"கடைய திறக்கண்டாம் சாறே," என்றார் மோகனன். "திறந்தா சாறுக்கு நாணக்கேடு. அக்கா போன ஒடனே சேலைக் கெட்டை வீட்டுக்குள்ள எடுத்து வச்சாச்சு."

"பின்ன எதுக்கு என்னை வரச் சொன்ன?"

மோகனன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மோளுக்க கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் விளிச்சிய. என்னை விளிக்கல்லியே."

இவருக்கு முகம் செத்துப்போனது. எனக்கும்தான். இவர் மோகனன் கையைப் பிடித்து, "வியாழக்கிழமை குடும்பத்தோட வரணும்," என்றார்.

சேலைக்கட்டை அவிழ்த்தோம். தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, சரிகைக்கரை போட்ட வெள்ளைப் பட்டு ஒன்றை எடுத்தேன். சர்ச்சில் என் மகள் அதை உடுத்து நின்ற அழகை முன் பெஞ்சில் இருந்து மோகனனும் பார்த்தார். தபாலில் துணி எடுக்கும் பேச்சு எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எல்லையைக் கீறினார்கள். பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கமே கிடந்தோம். மோகனன் சொன்னதுதான் நடந்தது. கேரளம் பிறந்த அன்று பாறசாலைச் சந்தையில் வெடி வெடித்தார்கள், கடைக்குக் கடை தோரணம் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் மோகனன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு உனக்கு நல்ல யாவாரம் நடக்குமே. கடை?" என்று இவர் கேட்டார்.

"அடைச்சாச்சு சாறே."

"யாரு அடைக்கச் சொன்னா?"

மோகனன் தன் நாற்காலியை இவர் பக்கம் இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். நான் இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். இவர் சாப்பிட்டார்.