சந்தியாகு கிராணியின் சவரப் பிரஷ்

எல்ஸிக்கு வாய் பெரியது. கை அதைவிட அவசரம். இதை அவளே ஒத்துக்கொள்வாள். முப்பத்திரண்டு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்தும் பாஸ்கல் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். குழம்பில் உப்பு கூடிவிட்டால் பேசாமல் இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கிற மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவருடைய சவரப் பிரஷ்ஷைத்தான் இவள் நாசம் பண்ணி வைத்தாள்.

சாம்பல் புதனுக்கு முதல் நாள் நடந்தது. ஈஸ்டர் வரை தவக்காலம் முழுக்க பாஸ்கல் முகம் மழிக்க மாட்டார். அன்று காலை கடைசியாக மழித்து, பிரஷ்ஷைக் கழுவி, குசினி ஜன்னலில் காயவைத்துவிட்டு, சிம்பாங் பூலாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். எல்ஸி சீனப் பெருநாளுக்கு அன்னாசி டார்ட் சுட்டு விற்கிறவள். ஆர்டரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, மிஞ்சிய மாவில் வீட்டுக்கென்று ஒரு தட்டு போட்டாள். மேலே முட்டை மஞ்சள்கரு தடவுகிற பிரஷ் அடுப்பில் பட்டுப் பொசுங்கித் தொலைந்தது. கண் ஜன்னல் பக்கம் போயிற்று. சுத்தமாகக் கழுவினதுதானே, என்ன வந்துவிடப் போகிறது? எடுத்துத் தடவிவிட்டாள். டார்ட்டும் பொன்னாக வெந்து வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். முட்டை வாடை போகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரை பிரஷ்ஷின் தலையில் ஊற்றினாள் மகராசி. முட்டை வெந்து முடியோடு கட்டிக்கொண்டது. சீப்பால் வாரினாள். பாதி முடி சீப்போடு வந்துவிட்டது.

வேறு பிரஷ் என்றால் கடையில் புதிது வாங்கி வைத்துவிடுவாள். இது அவளுடைய அப்பா சந்தியாகு கிராணியினுடையது. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதியவர். பால்மரம் வெட்டுகிறவர் மகனையா கட்டினாய் என்று பன்னிரண்டு வருஷம் மகளிடமும் மருமகனிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். கடைசியில் கை நடுங்கிப் படுக்கையில் விழுந்தபோது, புந்தோங் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வாரந்தோறும் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டது பாஸ்கல்தான். ஒருநாள் கிராணி முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இத நீயே வச்சுக்க மாப்ள" என்றார். மாப்பிள்ளை என்று அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாம் வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அது 2005.

பாஸ்கல் கோபப்பட்டு எல்ஸி பார்த்ததே இல்லை. அதுதான் அவளுக்குப் பயம். இதற்கென்று முதல் முறையாகக் கோபப்பட்டுவிட்டால்? அல்லது வாயே திறக்காமல் உள்ளுக்குள் நொந்துபோனால்? ஈஸ்டருக்கு முதல் நாள் சனிக்கிழமை அவர் பிரஷ்ஷைத் தேடுவார். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

மூன்றாவது வீட்டு பத்துமலை தூண்டில் கம்பு பழுது பார்ப்பவன். நூல் கட்டுவதும் பசை ஊற்றுவதும் அவனுக்குக் கைவந்த வேலை.

"அலாமாக்! என்னக்கா செஞ்சீங்க இத?"

"கேள்வி கேக்காத. பழையபடி ஆக்க முடியுமா, அதச் சொல்லு."

"கட்டைய வச்சிக்கிட்டு முடிய மட்டும் மாத்தலாம்லா. அண்ணனுக்குத் தெரியவே தெரியாது."

"தெரிஞ்சிச்சு, உன்ன உண்டு இல்லன்னு பண்ணிருவேன்."

ஆன்லைனில் ஆர்டர் போட்ட புது முடிக்கட்டு பன்னிரண்டு நாளில் வந்தது. பத்துமலை பிடியைத் துணி சுற்றி இறுக்கி, பழைய முடியை ஒட்ட நறுக்கி, டிரில் மெஷினால் மெல்லக் குடைந்தான். பக்கத்தில் நின்று எல்ஸி "மெதுவா, மெதுவா" என்று அவன் உயிரை வாங்கினாள். திடீரென்று அவன் நிறுத்தினான்.

"அக்கா, இது உங்கப்பா காலத்து முடி இல்ல."

"என்னலா உளர்ற?"

"நைலான்க்கா இது. அந்தக் காலத்து பிரஷ்ல மிருக முடிதான் இருக்கும். யாரோ ஏற்கெனவே மாத்தியிருக்காங்க. குழி ஆழம்னு அடியில காகிதம் மடிச்சு வச்சிருக்காங்க பாருங்க."

இடுக்கியால் எடுத்துக் கொடுத்தான். பசையேறி அட்டை போலிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் எழுத்துத் தெரிந்தது. அவர்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிற அறிவிப்புத் தாள். 2012 என்று போட்டிருந்தது. அந்தத் தாளை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர் எல்ஸி வீட்டில் ஒரே ஒருவர்தான்.

எல்ஸி அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஈஸ்டர் தவறாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டு வந்து, "கிராணி பிரஷ்னா கிராணி பிரஷ்தான்" என்பாரே! இவளும் அப்பா பெருமையில் பூரித்துப்போவாளே! எல்லாம் இவளுக்காகச் சொன்னது. இந்த மனிதரை என்ன செய்வது?

"என்னக்கா, அழுவுறீங்களா சிரிக்கிறீங்களா?"

"ரெண்டுந்தான். நீ வேலையப் பாரு."

பத்துமலை குழியைச் சுத்தம் செய்து, முடி எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்று மூன்று தடவை வைத்துப் பார்த்து, பசை ஊற்றி ஒருநாள் அசையாமல் நிறுத்திவைத்தான். பிடியைப் பற்பசையால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தான். எல்ஸியும் இதை மூச்சு விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். ஓட்டைவாய்க்காரிக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று புந்தோங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. பாஸ்கல் நரைத்த தாடியோடு கண்ணாடி முன் நின்று பிரஷ்ஷை நனைத்துச் சோப்பில் சுழற்றினார். நுரை குபுகுபுவென்று எழும்பியது. அவர் கை நின்றது. பிரஷ்ஷைக் கண்ணருகே கொண்டுபோய், புது முடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியில், கதவருகே துண்டோடு நின்ற எல்ஸியின் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருச்சா, எல்ஸி?"

எல்ஸி துண்டை மடிக்கத் தொடங்கினாள். அவரே தொடர்ந்தார்.

"அப்ப நம்மகிட்ட இருந்த நாய் கடிச்சுக் குதறிருச்சு. நீ உன் தங்கச்சி கிறிஸ்டின் பிரசவத்துக்குப் போயிருந்த நேரம். உங்கப்பா ஞாபகமா இருக்கிறது இது ஒன்னுதான். சொன்னா ஒடஞ்சு போயிருவியேன்னு நானே முடிய மாத்திட்டேன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் உன்கிட்டப் பொய் சொல்லிட்டு, அந்த வாயாலயே கோயில்ல போய் நன்மை அப்பம் வாங்குறேன்."

அடடா, எப்படி வாய்த்தது பாருங்கள்! குற்றவாளி தானே வந்து தலையைக் கொடுத்து நிற்கிறார். "இத்தன வருஷமா ஏமாத்தினீங்களா?" என்று ஒரு கத்துக் கத்தினால் போதும், எல்ஸி உத்தமி ஆகிவிடுவாள், முட்டைக் கதை மண்ணோடு மண்ணாகிவிடும். கத்துவதற்கு வாயையும் திறந்துவிட்டாள். ஒரு கன்னத்து நுரையோடு நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"நான் அதுல முட்டை தடவினேங்க."

"என்னது?"

டார்ட், கொதிதண்ணீர், சீப்பு, பத்துமலை, காகிதம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பாஸ்கல் கடைசிவரை கேட்டார்.

"அப்ப, அன்னைக்கு நான் பதினாலு டார்ட் தின்னேனே..."

"ஆமா."

"அதான் சோப்பு வாசம் வந்திச்சா?"

அவர் சிரித்த சிரிப்பில் நுரை கண்ணாடிவரை தெறித்தது. கை குலுங்கியதில் பிரஷ் நிற்கவில்லை. எல்ஸி அதை வாங்கிக்கொண்டாள்.

"ஆடாதீங்க. கோயிலுக்கு நேரமாச்சு" என்று கன்னத்தில் நுரையைத் தடவினாள். தடவிக்கொண்டே, அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒங்களக் கட்டிக்கிட்டதுக்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல. இத நான் சொன்னதே இல்ல, இல்ல?"

பாஸ்கல் கண்ணை மூடிக்கொண்டு மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.