பதினொன்றாம் கேள்வி

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு படிவம். என் பயணச்சீட்டை ரத்து செய்யப் போன அலுவலகத்தில் கணினி மக்கர் பண்ணியது. எதிரே இருந்த பெண் பேச்சுத்துணைக்குச் சொன்னதுதான் இது. எதற்கெடுத்தாலும் கட்டம் போட்டு எழுதுவதால் அங்கே அவருக்கு அட்டவணை அக்கா என்று பெயர். மாற்றுத்திறனாளிகளுக்கான கப்பல் சுற்றுலாதான் அவர் பிரிவு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் அவளை அழைத்துக்கொண்டே..."

கடல் யாரையும் அழைக்கவில்லை. அவள் அண்ணன்தான் அலுவலகத்துக்கு வந்தார்.

2

அண்ணன் தண்ணீர் மோட்டார் விற்கிறவர். தங்கைக்குப் பதினாறு வருடங்களாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. (விபத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "அவங்க அதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றார். கிழித்துவிட்டேன்.) தங்கை ஒரு டாக்ஸி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே தொலைபேசி எடுத்து வண்டி அனுப்புகிறாள். ஊரின் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளை ஏழு நாள் கப்பல் சுற்றுலா கூட்டிப்போகத்தான் அண்ணன் வந்திருந்தார். சக்கர நாற்காலி நுழையும் அறை அந்தக் கப்பலில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை பிடித்து வைத்திருப்பார்கள். அக்கா படிவத்தை எடுத்தார்.

"நாற்காலி எவ்வளவு அகலம்?"

"அறுபத்திமூணு சென்டிமீட்டர். நேத்து டேப் வெச்சு அளந்தேன்."

அண்ணன் எதற்கும் தடுமாறவில்லை. பதினொன்றாவது கேள்வி வந்தது.

"கட்டில்லேருந்து நாற்காலிக்கு அவங்களா மாறிப்பாங்களா?"

"எப்படிம்மா முடியும்? நான்தானே தூக்கி வைக்கணும்."

முடியாது என்றால் துணைக்கு ஒருவர் அதே அறையில் தங்கியாக வேண்டும். அண்ணன் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் பதில்களைப் பயணம் செய்கிறவர் வாயால் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அவர் போன பிறகு அக்கா தங்கையிடம் தொலைபேசியில் பேசினார்.

3

"பதினொண்ணாவதுக்கு முடியாதுன்னு போட்டிருக்கோம். சரிதானே?"

"ஒரு நிமிஷம் இருங்க." யாருக்கோ வண்டி அனுப்பிவிட்டு வந்தாள். "நாலு வருஷமா நானேதான் மாறிக்கிறேன்."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"மத்த நாள் வேலைக்கு வர்ற அம்மா தூக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமை வருவாரு, தூக்குவாரு. சொல்ல மனசு வரலை."

"தனியா போகணும்னு நினைக்கிறீங்களா?"

"ஏழு நாளைக்கு என்னை யாரும் தூக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்."

4

தப்பாகக் குறித்துவிட்டால் நடுக்கடலில் பிரச்சினை. தலை உருளப்போவது அக்காவுடையது. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கையின் வீட்டுக்கே நேரில் பார்க்கப் போனார்.

"பலகை நழுவியது. அவள் தரையில்..."

இந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன். அழிக்காமல் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திருப்பம் வேண்டுமே என்று, விழாதவளைத் தள்ளிவிட்டேன்.

நடந்தது வேறு. பிரேக்கைப் போட்டாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வழவழப்பான ஒரு பலகையை வைத்து, கையை ஊன்றி, மூன்று நகர்த்தலில் வந்து உட்கார்ந்தாள். பலகையில் பாதி வழியில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. "வண்டி கிளம்பிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மீதியை நகர்ந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. "அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

"இன்னைக்கே சொல்லிடறேன்."

5

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அண்ணன் வந்தார்.

"சொல்லிட்டா" என்றார். "நாலு வருஷம்மா. ஒவ்வொரு வாரமும் ஒண்ணும் தெரியாத மாதிரி கழுத்தைப் பிடிச்சுக்குவா."

"கோவமா இருக்கீங்களா?"

"எனக்கு மூணு வருஷமா முதுகுவலி. குனிஞ்சா உயிர் போகுது. அதை நானும் அவகிட்ட சொன்னதில்லை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். 'முடியும்' என்று குறித்து, அறையைத் தங்கையின் பெயரில் மட்டும் பதிவு செய்தார். உறுதிச்சீட்டு அச்சாகி வந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"அதே கப்பல்ல சாதா அறை ஏதாவது இருக்கா? எனக்கு. வேற மாடியா இருந்தாலும் பரவாயில்லை."

இருந்தது. "அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றார் அக்கா.

அண்ணன் அங்கிருந்தே தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நானும் வரட்டுமா என்று தங்கையிடம் அவர் கேட்டது அதுதான் முதல்முறை என்று பிற்பாடு அக்காவிடம் சொன்னாராம்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றாள்.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் வெவ்வேறு மாடிகளிலிருந்து ஒரே கடலைப் பார்க்கிறார்கள். படமாக நன்றாக இருந்தது, அதனாலேயே அடித்தேன். மற்றதில் அண்ணன் துறைமுகத்தில் நின்று கையசைக்கிறார். அதில் எனக்கே அழுகை வந்தது; அதையும் அடித்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்று அக்கா என்னிடம் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். தெரிந்தால் எழுதிவிடுவேன், அவளுக்குப் பதிலாகப் பதில் சொல்கிற வேலையை நானும் செய்தவனாவேன். உங்களுக்கும் ஒரு பதில் நாக்கு நுனியில் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அண்ணன் தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள்.