பிரான்ஸ் மச்சான் ஓட்டிய கார்

என் மனைவி ரீட்டாவின் அண்ணன் ஆரோக்கியஜோசப் பிரான்சிலிருந்து வந்து இறங்கினால் எங்கள் வீட்டில் சட்டத்தின் ஆட்சி தொடங்கிவிடும். செருப்பை ஏன் நேராக விடவில்லை என்று ஆரம்பிப்பார். பஸ் ஸ்டாண்டில் ஏன் ஒருவரும் வரிசையில் நிற்பதில்லை என்பதில் வந்து முடிப்பார். "அங்கல்லாம் ரூல்னா ரூல்தான் மாப்ள. ரோட்ல ஈ காக்கா இல்லன்னாலும் செவப்பு வெளக்குன்னா நிப்பான்" என்பார். நாங்கள் இருக்கிற கோவில்பத்தில் எங்கள் தெருவிளக்கே ஒழுங்காக எரிவதில்லை. ஆனாலும் கேட்டுக்கொள்வேன். மனைவியின் அண்ணன், அதிலும் பிரான்ஸ் குடிமகன், அதிலும் எங்கள் பெரியவளைப் படிப்பு முடிந்ததும் அங்கே கூப்பிட்டுக்கொள்வதாக ஒவ்வொரு வருகையிலும் வாக்குக் கொடுக்கிறவர். அவர் பேசும்போது நான் குறுக்கே வாயைத் திறந்தால் ரீட்டா என்னைப் பார்க்கிற பார்வையில் எனக்குப் பசியே போய்விடும்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். நாற்பதுக்கு மேல் போனதில்லை. இது நான் பெருமையாகச் சொல்வதல்ல, ஊர் கேலியாகச் சொல்வது. "செல்வின் வேன்ல ஏத்திவிட்டா எல்.கே.ஜி. புள்ள யு.கே.ஜி.யா எறங்கும்" என்று விழிதியூர் நிறுத்தத்தில் ஒரு பேச்சே உண்டு. சைக்கிளில் என்னை முந்துகிறவர்கள் கையசைத்து விட்டுப் போவார்கள். போகட்டும். அந்த வேகத்தை நம்பித்தான் அத்தனை வீட்டிலும் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கவலையில்லாமல் உள்ளே போய்க் காப்பி குடிக்கிறார்கள்.

இந்த முறை மச்சான் தனியாகத்தான் வந்தார். அவர் மனைவி ஜூலியட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. வந்த மறுநாளே வேளாங்கண்ணி போக வேண்டும் என்றார். கார் சாவியை நான் எடுப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"நான் ஓட்டுறேன் மாப்ள. ஸ்டியரிங்கத் தொட்டு ரொம்ப நாளாச்சு."

"ஏன் மச்சான், அங்க கார் இருக்குல்ல?"

"இருக்கு. ஜூலியட்தான் ஓட்டுறா. நான் ட்ரெயின்லதான் போறது. சுற்றுச்சூழல் முக்கியம்ல? அங்க வெவரம் தெரிஞ்சவன் எவனும் இப்ப கார எடுக்கறதில்ல."

பூமிக்காக ஸ்டியரிங்கைத் துறந்த மனிதர் என்று நானும் அன்றைக்கு உண்மையாகவே மதித்தேன். என் பழைய காரின் சாவி அவர் கையில் போனதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

போகும்போது அடக்கமாகத்தான் போனார். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் காலில் ஏதோ இறங்கிவிட்டது. நாகூரைத் தாண்டினோம், வாஞ்சூரில் மாநில எல்லையைத் தாண்டினோம், எதையெல்லாம் தாண்டினோம் என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பின்னால் ரீட்டா ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

"மச்சான், இங்க அம்பதுன்னு போர்டு இருக்கு."

"அது லாரிக்கு மாப்ள."

டி.ஆர்.பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்து எங்கள் பக்கத்துப் போலீசுக்கு வந்த சிவப்புத் தொப்பியோடு கான்ஸ்டபிள் ஒருவர் ரோட்டுக்கு வந்து கையை நீட்டினார். ஓரமாக ஜீப். அதன் நிழலில் வேகம் பார்க்கிற மெஷின். மச்சான் கண்ணாடியை இறக்கி, கான்ஸ்டபிளின் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தத் தொப்பியே நாங்க குடுத்ததுதான் சார், தெரியும்ல?"

"இருக்கட்டும் சார். தொண்ணூத்தி நாலுல வந்திருக்கீங்க. லைசென்ஸ் குடுங்க."

மச்சான் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "வண்டி இவரோடதுங்க. எடுத்துக் குடுங்க மாப்ள."

அந்த இடத்தில் ஒரு மனிதன் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் பின் சீட்டிலிருந்து ரீட்டாவின் கை வந்து என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளியது. கல்யாணமான நாளிலிருந்து பழக்கமான கிள்ளு. எங்க அண்ணன் முன்னாடி மானத்தை வாங்காதீங்க என்று அதற்கு அர்த்தம். ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து என் லைசென்ஸையும் நீட்டிவிட்டேன். வெயில் கொளுத்தியது, பின்னால் வேறு வண்டிகளும் மாட்டி நின்றன. கேட்டது லைசென்ஸ், வந்தது லைசென்ஸ். அதில் இருக்கிற மூஞ்சியும் ஸ்டியரிங்கின் முன்னால் இருக்கிற மூஞ்சியும் ஒன்றா என்று பார்க்க அவருக்கு என்ன வேண்டுதலா? கையிலிருந்த கருவியில் நம்பரைத் தட்டினார். என் போன் சிணுங்கியது. ஓட்டுநர் செல்வின், வேகம் தொண்ணூற்று நான்கு.

காரை எடுத்ததும் மச்சான் வருத்தப்பட்டார். "அங்கயா இருந்தா மொதல்ல போன்ஜூர்னு வணக்கம் சொல்லிட்டுத்தான் பேசுவான். இங்க மரியாதையே இல்ல மாப்ள."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனால், வேன்களைக் கவனிக்கிற ஞானமேரி மேடம் சாவியைத் தரவில்லை. அவர் மேஜையில் என் செய்தி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

"ஸ்கூல் வண்டி ஓட்டுறவர் ஓவர்ஸ்பீடுல ஒரு தடவ மாட்டினாக்கூட வண்டியக் குடுக்கக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு செல்வின். நீங்க தொண்ணூத்தி நாலுல போனீங்கன்னா எனக்குச் சிரிப்புதான் வருது. ஆனா பேரு ஏறிடுச்சே, நான் என்ன பண்ண? அந்தப் பேர எடுத்துட்டு வாங்க. எடுக்க முடியலன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அவர் உண்மையிலேயே சிரித்தார். கேட்டில் இருந்த வாட்ச்மேனும் சிரித்தார். வருகிற வழியில் டீக்கடையில் "என்ன ராக்கெட்டு, இன்னிக்கு நடையா?" என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ குடிக்காமலே வந்துவிட்டேன். இத்தனை வருடம் நாற்பதிலேயே ஊர்ந்து நான் சேர்த்துவைத்த பெயரை, சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒருவர் ஒரே மதியத்தில் ஊதித் தள்ளிவிட்டார்.

வீட்டில் மச்சான் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன்.

"ஸ்டேஷனுக்கு வந்து நான்தான் ஓட்டினேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மச்சான். எனக்கு வேல போயிடும்."

"சொல்றதுல என்ன மாப்ள. ஆனா நான் ஃபாரின் சிட்டிசன். எம் பேரு ஏறினா எம்பசி வரைக்கும் போகும். ரெண்டு நாட்டு ஒறவுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அண்ணன் ஊருக்குப் போனப்புறம் பாத்துக்கலாங்க" என்றாள் ரீட்டா.

"அதுவரைக்கும் வேன யாரு ஓட்டுறது? ஒங்கண்ணனா?"

அவள் அண்ணன் எதிரில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மச்சான் இன்னொரு இடியாப்பம் கேட்டார்.

மறுநாள் காலையில் என் வேன் எங்கள் தெரு வழியாகவே போனது. யாரோ ஓட்டினார்கள். ஜன்னலில் பிள்ளைகளின் முகம் தெரிவதற்குள் போய்விட்டது. யாராவது கையாட்டுவார்கள் என்று நான் கையைத் தூக்கி வைத்திருந்தேன், புழுதிதான் வந்தது. பக்கத்தில் நின்ற ரீட்டா என் கையைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மச்சானுக்கு அன்றைக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. "யாரு ஓட்டினதுங்கற பேச்சே வேணாம் மாப்ள. மெஷினே தப்புன்னு அடிப்போம். நீங்க வாயத் தெறக்காதீங்க, நான் பேசுறேன்." வேறு வழி தெரியாமல் கூடப் போனேன்.

போக்குவரத்து ஸ்டேஷனில் எஸ்.ஐ. அன்பழகன் இருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒங்க வேன்லதான் எம் பொண்ணு கீர்த்திகா வரா. நேத்து சாயங்காலம் ரொம்ப சீக்கிரம் வந்துட்டா. எனக்கு அது புடிக்கல" என்றார். மெஷின் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலைகூடத் தெளிவாக இருந்தது. ஓட்டுநர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெயில் இருந்தது.

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். இந்த மெஷினைக் கடைசியாகச் சோதனை போட்டது எப்போது? சான்றிதழ் எங்கே? ரோட்டுக்கு எவ்வளவு சாய்வாக வைத்தீர்கள்? பக்கத்தில் வேறு வண்டி வந்திருந்தால் அதன் வேகம் இதில் விழாதா? எச்சரிக்கை போர்டு எத்தனை தூரத்தில்? எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்துவிட்டு ஆசையாகக் கேட்டார்.

"சார் வக்கீலுங்களா?"

"இல்லங்க."

"எப்படிங்க இவ்வளவு வெவரம்?"

"எல்லாம் அங்க பட்ட அனுபவ..." என்றவர் பாதியில் நிறுத்தி, "பொது அறிவுதான்" என்றார்.

அப்போது அவர் போன் அடித்தது. "பிரான்ஸ்லேர்ந்து" என்று எஸ்.ஐ.க்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, எப்போதும் போலக் கையை நீட்டிப் பிடித்து, வீடியோவில் எடுத்தார். வேலைக்குக் கிளம்புகிற கோலத்தில் ஜூலியட்.

"ஏங்க, அங்கயும் ஆரம்பிச்சாச்சா? ரீட்டா எல்லாம் சொன்னா. இங்க பறந்து பறந்து ஓட்டி, தப்புக்குத் தப்பு கழிக்கற பாயிண்டு பூரா போயி, லைசென்ஸையே புடுங்கிட்டாங்க. தெனம் நான்தான் ஒங்கள ரயிலடில கொண்டாந்து எறக்கிவுடுறேன். லைசென்ஸ் இல்லாத மனுஷன் அங்க போயி அடுத்தவங்க வண்டிய எடுக்கலாமா? அந்த மனுஷன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"ஜூலியட், நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன்."

"நல்லதாப் போச்சு, அங்கயே இருங்க!"

போன் அணைந்தது. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். மாடிக்குப் போன ரீட்டா யாரிடம் பேசினாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணனை எதிரில் வைத்து ஒரு வார்த்தை கேட்கத் துணியாதவள், கேட்கக்கூடிய ஒரே ஆளிடம் சொல்லியிருக்கிறாள். என் மனசு குளிர்ந்துவிட்டது.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "அப்ப ஓட்டினது நீங்க இல்ல. ஓட்டாதவர் லைசென்ஸ எடுத்து நீட்டுனீங்களே, அதுக்கும் ஏதாவது செக்‌ஷன் இருக்கும், நான் தேடல. ஆனா ஒண்ணு. லைசென்ஸ் இல்லாத ஆளுகிட்ட வண்டியக் குடுத்ததுக்கு ஓனர் மேலயும் கேசு வரும். ஓவர்ஸ்பீடு அபராதம் அதுகிட்ட நிக்காது. நீங்களே ஓட்டினதா விட்டுட்டா சின்னதோட போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

மச்சானின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "பாத்தீங்களா மாப்ள! இப்படியே விட்டுடறதுதான் நமக்கு நல்லது."

அந்த 'நமக்கு'தான். பறக்கும்போது அவர், பிடிபடும்போது நான், நல்லது என்று வந்தால் நமக்கு. இத்தனை வருடமாக எனக்குள் பணிவாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அந்த நிமிடம் எழுந்து போய்விட்டான்.

"எழுதிக்குங்க சார்" என்றேன். "லைசென்ஸ் இருக்கான்னு ஒரு வார்த்த கேக்காம சாவியக் குடுத்த மடையன்னு எழுதிக்குங்க. எவ்வளவு வேணாலும் போடுங்க, கட்டுறேன். வேகமா ஓட்டினவன்னு மட்டும் எழுதாதீங்க."

"நான் பிரெஞ்சு சிட்டிசன் சார்" என்றார் மச்சான் மெல்ல.

"தெரியுங்க. தொப்பி குடுத்தவர்னு கான்ஸ்டபிள் வந்து சொன்னாரு. உக்காருங்க, ஒங்க பேரையும் எழுதிடலாம்."

மடையன் என்ற தகுதியோடு எனக்கு வேன் சாவி திரும்பக் கிடைத்தது. ஞானமேரி மேடம் அதற்கும் சிரித்தார், இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டு நாட்டு உறவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மச்சான் ஊர் திரும்பும் நாளில் சென்னை விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். அவர் என் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார், பின்னால் ரீட்டா. சீர்காழி தாண்டியும் அவர் செருப்பைப் பற்றியோ வரிசையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் ஏற்றிய டெம்போ ஒன்று முந்தியது, வைக்கோல் டிராக்டர் ஒன்று முந்தியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, ரோடு காலியாத்தான இருக்கு. கொஞ்சம் மிதிக்கலாம்ல?"

பின் சீட்டிலிருந்து ரீட்டாவின் கை முன்னால் வந்தது. பழக்க தோஷத்தில் நான் இடுப்பைச் சுருக்கிக்கொண்டேன். "ஆ" என்று கத்தியது மச்சான்.