மாதா விளக்கும் செம்பு வளையமும்

மொட்டை மாடியில் ஆண்டெனா கம்பி கட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தமானில், ஜங்லிகாட்டில் எனக்கு இருப்பது ஓர் அறை, ஒரு பால்கனி. நாலு துணி காயப்போட்டால் பால்கனியும் நிரம்பிவிடும். அதனால் ஏசி மெக்கானிக்கிடம் செம்புக் குழாய் வாங்கி, அண்டா வாய் அளவுக்கு வளைத்து, பொழுதுபோக்காகத் தூரத்து ஆட்களோடு பேசும் என் ஹாம் ரேடியோவுக்கு ஆண்டெனா செய்துகொண்டேன்.

தூத்துக்குடியில் கோவிந்தராஜ் என்று ஒருவர். ஞாயிறு காலை ஹாம்காரர்களை வரிசையாக ரேடியோவில் கூப்பிட்டுப் பேசுகிறவர். என் வளையத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "கார்த்திகா, இதுல வடாம் காயப்போடலாம், மெயின்லேண்ட் வராது" என்று குரூப்பில் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஞாயிறு என் குரல் அவருக்குக் கேட்காவிட்டால் ரேடியோவையே மூட்டை கட்டிவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் பதில் போட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஞாயிறு காலை ரேடியோவைப் போட்டால் ஒரே கர்ர், கர்ர். வளையத்தைத் திருப்பினால் இரைச்சல் போகிறது, கூடவே தூத்துக்குடியும் போகிறது. இரண்டும் மேற்கே, ஒரே திசையில். மேற்கே எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டு அமுதம் அக்காவின் ஜன்னலுக்குள் மாதா படம். அதைச் சுற்றிய சீரியல் லைட் மினுக்கும் அதே தாளத்தில் என் ரேடியோ இரைகிறது.

கப்பல் வேலைக்குப் போன மகன் கிளமெண்ட் திரும்பும்வரை மாதா முன்னால் விளக்கு அணையாது என்று அக்கா நேர்ந்திருக்கிறார். அதைப் போய் அணைக்கச் சொல்ல எனக்கு எங்கே முகம் இருக்கிறது? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மீன் குழம்புக் கிண்ணத்தோடு அக்காவே வந்தார்.

"க்யா ஹுவா பிள்ள, மூஞ்சி தொங்குது?"

மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"வெளக்கு அணையாதுன்னுதான நேந்தேன்? கரண்ட் வெளக்குன்னா சொன்னேன்?"

போனார். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தார். இரைச்சல் அடங்கியது.

வளையத்தை மேற்கே திருப்பி என் பெயரையும் ஊரையும் சொன்னேன். மைக் பட்டனை விட்டேன். பிறகு கோவிந்தராஜின் குரல் வந்தது.

"அந்தமானா? அட, பக்கத்துத் தெருவுல நின்னு பேசுற மாதிரி கேக்குதே. சொல்லுங்க கார்த்திகா, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சொல்ல வேண்டுமென்று சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றேன்.

அக்கா என் தோளில் தட்டினார்.

"ஜல்தி பேசு பிள்ள, மெழுகுவர்த்தி கரையுது."