எடுத்துக்கொள்ளும், ஆண்டவரே

சீருடைக்காரர்கள் தம்பியை வேனில் ஏற்றிக்கொண்டு போய் எட்டு நாள் ஆகிவிட்டது. அவன் செய்த குற்றம் இவ்வளவுதான். ஆலயத்துக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன் அவன். பீடத்துச் சிலுவைக்குப் பக்கத்தில் நாட்டுத் தலைவரின் படத்தை மாட்டச் சொன்னார்கள். "சிலுவைக்குப் பக்கத்துல எந்த மனுஷன் படத்துக்கும் நான் ஆணி அடிக்க மாட்டேன்" என்று ஏணியில் நின்றபடியே சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் வேன் வந்தது. படத்தை வேறு எவனோ மாட்டினான்.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சபையில் அவளுக்குப் பட்டப்பெயர் ஜெப மெஷின். கண்ணை மூடினால் போதும், கால்மணி நேரம் மடை திறந்த மாதிரி கொட்டுவாள். பிறந்த குழந்தையோ, புதுத் தம்பதியோ, பாட்டுக் குழுவோ, யாருக்காக ஜெபித்தாலும் முடிக்கிற வரி ஒன்றுதான்: "இவர்களை எடுத்து உபயோகியும், ஆண்டவரே." அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த எட்டு நாளும் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

சனிக்கிழமை காலை போதகர் அவளை அலுவலறைக்குக் கூப்பிட்டனுப்பினார். தலைவரின் தயவில் அந்த அறைக்கு ஏசியும் சுழல் நாற்காலியும் வந்திருந்தன. போதகர்தான் அதில் நிம்மதியாக உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், நாளைக்கு ஆராதனைக்குத் தலைவர் வர்றார். அவருக்காக நீங்கதான் ஜெபிக்கணும்."

"நானா? ஏன் பாஸ்டர்?"

"ஆணி அடிக்க மாட்டேன்னவனோட அக்காவே ஜெபிச்சா அந்தப் பேச்சு அதோட முடிஞ்சிரும். திங்கட்கிழமை தம்பி வீட்ல இருப்பான். நான் பேசிட்டேன்."

"ஜெபிக்கலைன்னா?"

போதகர் கதவைப் பார்த்தார். "அதையெல்லாம் ஏம்மா கேக்கறீங்க?" என்றார் தாழ்ந்த குரலில்.

ஜெபத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதினாள். தலைவரின் செயலாளர் அதில் 'தாழ்மை', 'நீதி' என்ற இரண்டு சொற்களை மட்டும் அடித்துவிட்டு, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார். ஆண்டவருக்குப் போகிற விண்ணப்பத்துக்கும் இப்போது முத்திரை வேண்டியிருக்கிறது!

தலைவர் ஞானஸ்நானம் வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. அதுவும் தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று இன்னமும் பக்கத்து ஆள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை அவர் பீடத்தின் முன் முழங்கால் போட்டார். போட்டோ சரியாக விழவில்லை என்று கேமராக்காரர் சொன்னதும் எழுந்து மறுபடியும் போட்டார். இரண்டு பக்கமும் சீருடைக்காரர்கள் நின்று சபையின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். தம்பியை அடித்திருப்பார்களோ, சோறு போட்டார்களோ என்ற நினைப்பு குறுக்கே குறுக்கே வந்தது. கடைசி வரிக்கு வந்தாள். "எங்கள் தலைவரை எடுத்து..." எச்சில் விழுங்கினாள். "எடுத்துக்கொள்ளும், ஆண்டவரே" என்று முடித்துவிட்டாள்.

சபையில் யாரையாவது கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். மரண அறிவிப்பில் போடுகிற வார்த்தை அது. பழக்கதோஷம், இருநூறு பேரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் எதற்கு ஆமென் சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேண்டுமென்றே சொன்னாளா? சத்தியமாக இல்லை என்று அவளுக்காக நான் சொல்வேன். ஆனால் அவளால் அப்படிச் சத்தியம் பண்ண முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எடுத்துக்கொள்ளும்னா என்ன பாஸ்டர்?"

போதகருக்கு வேர்த்து ஊற்றியது. "வந்து... ஆண்டவர் உங்களை முழுசா தம்முடைய ஆளா ஏத்துக்கணும்னு அர்த்தம், ஐயா."

"அடடா" என்றார் தலைவர். "எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

சொன்னபடியே திங்கட்கிழமை தம்பி வந்துவிட்டான். வலது கையைத் தூக்க முடியவில்லை. அக்காதான் ஊட்டிவிட்டாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

புதன்கிழமை பிற்பகல் போதகர் ஒரு காகிதத்தோடு வந்தார். அவள் சொன்ன ஜெபம் அப்படியே அச்சாகியிருந்தது, கடைசி வரி உட்பட. இனி எல்லாச் சபைகளிலும் ஞாயிறுதோறும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. அடியில் 'இயற்றியவர்' என்று போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"'உபயோகியும்'னு திருத்திடலாமே பாஸ்டர்?"

"திருத்தினா ஏன் திருத்தினீங்கன்னு கேப்பாங்க."

"நாளைக்கே யாராவது அவர்கிட்ட நிஜ அர்த்தத்தைச் சொல்லிட்டா? நீங்கதானே மாத்திச் சொன்னீங்க?"

"அதுக்குத்தான் உங்க கையெழுத்து" என்றார் போதகர். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

உள்ளறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. பயந்த குரல். "அக்கா, யாரு வந்திருக்கா?"

"யாருமில்லடா, நீ படு" என்று சொல்லிவிட்டு, போதகரிடமிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.