தாய்மாமன் மடி

"அண்ணே, நீ வந்துருவல்ல?"

"வராம? மாமன் இல்லாம எப்படி லா காது குத்துவ?"

"அதுக்கில்ல. உனக்கு ஒரு நாற்காலி சொல்லி வச்சிருக்கேன். கை இல்லாத நாற்காலி, இரும்புல. மேல சிவப்புப் பட்டு விரிச்சிட்டா ஒண்ணும் தெரியாது."

"என்ன தெரியாது?"

தொலைபேசியின் அந்தப் பக்கம் புனிதா பேச்சை மாற்றினாள். "ஒண்ணுமில்ல ணே. சீக்கிரம் வந்துரு" என்றாள்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு நடந்த பேச்சு அது. யுகேந்திரனுக்கு அதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை. தங்கை சொன்னதில் தவறு ஏதும் கிடையாது. அப்போது அவன் எடை நூற்று முப்பது கிலோ. தரையில் உட்கார்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அவளுடைய மூத்த மகன் நிவேந்திரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சம்மணமிட்டு உட்கார, குழந்தையை அவன் மடியில் வைத்து, பத்தர் ஊசியை எடுப்பார். அதுதான் அவர்கள் வீட்டு முறை. அதற்காகத்தான் அவள் நாற்காலியை யோசித்தாள்.

அன்று மனைவி பவானேஸ்வரி, சமையலுக்கு உதவ விடியும் முன்பே புறப்பட்டுவிட்டாள். மாமன் சீராக வாங்கிய கடுக்கனும் அவள் கைப்பையில் போய்விட்டது. யுகேந்திரன் தனியாகக் காரோட்டிக்கொண்டு போனான். அண்ணனும் தங்கையும் பிறந்த தோட்டத்தில் வீடுகளை இடித்து வெகுநாளாகிவிட்டது. கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் இருந்தது. காதுகுத்து அங்கேதான். மண்சாலையில் திரும்பியதுமே அவன் கண்ணில் பட்டது அந்த நாற்காலிதான். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, நடுவில் அது மட்டும் சிவப்பாக, உயரமாக நின்றது.

அவன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஏற்றுமதிக் கிடங்கில் லோரிகளை அனுப்பும் மேற்பார்வையாளன் அவன். ஆகவே பொய்க்கும் பஞ்சமில்லை. "லோரி ஒண்ணு நெடுஞ்சாலைல நின்னு போச்சு. என்னால வர முடியாது" என்று தங்கைக்குக் குரல் செய்தி அனுப்பினான். சித்தப்பா மகன் ஒருவன் அந்த மடியைக் கொடுத்தான். புகைப்படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. ஒல்லியான மடி. அதில் குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது.

புனிதா அதைப் பற்றி அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலாம் என்று அவனுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

சென்ற வருடம் அவளுக்கு இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலில் கிடந்த அதன் காதைப் பார்த்தபோதே யுகேந்திரன் மனதில் மாதக் கணக்கு ஓடியது. ஒன்பதாம் மாதமோ பதினோராம் மாதமோ குத்துவார்கள். தங்கை தாம்பாளத்தோடு வந்து கேட்பாள். இந்த முறை அவன் தரையில் உட்காருவான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆயர் குரோவில் அவர்கள் குடியிருந்த தாமானின் பொது மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் யோகா வகுப்பு நடந்தது. 'எல்லாரும் வரலாம்' என்று கதவில் ஒட்டியிருந்த தாளை மூன்று வாரம் காரில் இருந்தபடியே வாசித்தான். அதை எழுதியவர் தன்னைப் போன்ற ஆளை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார் என்றுதான் நினைத்தான். நான்காவது வாரம், மனைவியிடம் காய்கறி வாங்கப் பசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பதினோரு பெண்கள், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். அவன் விரித்த பாய் அவனுக்கு ஒரு சால்வை அளவுதான் இருந்தது. கையைத் தூக்கினால் சட்டை மேலேறியது. ஒவ்வொரு முறையும் இழுத்து விட்டுக்கொண்டான். சொல்லிக்கொடுத்த நிர்மலாதேவிக்கு முப்பது வயது இருக்கலாம். வாரநாட்களில் எங்கோ கணக்கராக இருப்பவள். அதட்டவும் மாட்டாள், கொஞ்சவும் மாட்டாள்.

"நேரா நின்னு உங்க பாதத்தப் பாருங்க" என்றாள்.

யுகேந்திரன் குனிந்து பார்த்தான். வயிறுதான் தெரிந்தது.

"எனக்குத் தெரியல டீச்சர்."

"தெரியலன்னாலும் அங்கதான் ணே இருக்கு. எந்தப் பக்கம் அழுத்துதுன்னு மட்டும் சொல்லுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் கண்ணை மூடினான். இடது பாதத்தின் வெளி ஓரம்தான் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. வலது குதிகால் ஏறக்குறைய சும்மா இருந்தது. இத்தனை வருடங்களாக அவன் தன் உடம்பை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். துணிக்கடைக் கண்ணாடியில், கல்யாண ஆல்பத்தில், லிஃப்டுக்குள் அவன் நுழையும்போது ஒதுங்குகிறவர்களின் கண்ணில். உள்ளேயிருந்து அதற்கு ஒரு சேதி சொல்ல இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அவனுக்கு நேர் பின்னால் நின்ற மீனம்மா மெல்லச் சொன்னாள்: "தம்பி, அடுத்த வாரமும் இதே எடத்துலயே நில்லு. உன் பின்னால நின்னா நான் குனியாதது டீச்சருக்குத் தெரியல."

சிரிப்பு வந்தது. அன்று அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

கடைசியில் எல்லோரும் மல்லாந்து படுத்தார்கள். படுக்க முடிந்தது. ஆனால் எழுந்திருக்கச் சொன்னபோதுதான் அவனுக்கு உண்மை தெரிந்தது. உட்காருவதை நினைத்து அவன் ஒருநாளும் பயந்ததில்லை. எழும்புவதற்குத்தான் பயந்திருக்கிறான். நாலு பேர் பார்க்க, கையை ஊன்றி, முழங்காலில் தவழ்ந்து, மூச்சு வாங்கி. அந்த நாற்காலி காப்பாற்ற நினைத்ததும் அதிலிருந்துதான்.

கண்ணை மூடியபடியே கிடந்தான். பாய்களைச் சுருட்டும் சத்தமும், செருப்புச் சத்தமும், மீனம்மா யாரையோ தே தாரிக் குடிக்கக் கூப்பிடும் சத்தமும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நிர்மலாதேவி அவனைப் பார்க்காமல் மின்விசிறிகளை அணைத்துக்கொண்டே நடந்தாள். அவன் புரண்டு, சுவர் வரைக்கும் நகர்ந்து, ஒரு வழியாக எழுந்து நின்ற பிறகுதான் திரும்பினாள்.

"அடுத்த வாரம் எழும்புறதுலயிருந்து ஆரம்பிப்போம் ணே" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தார்கள். பக்கவாட்டில் புரள வேண்டும். உள்ளங்கை தரையில். ஒரு முழங்கால், பிறகு மறு பாதம். கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே மேலே. சம்மணத்துக்கு இடுப்பின் அடியில் மடித்த துண்டு ஒன்று. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம், "அத ஏன் ஒளிக்கிறீங்க? அதுக்கும் எடம் வேணும்ல. காலக் கொஞ்சம் அகட்டி வைங்க" என்றாள். அகட்டி வைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. நான்கு மாதத்தில் அவன் எடை மூன்று கிலோதான் குறைந்தது. ஆனால் பதினைந்து நிமிடம் சம்மணமிட்டு உட்கார முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அரிசிப் பை எங்க போச்சு?" என்று சமையலறையில் பவானேஸ்வரியின் குரல் கேட்டது. அவன் பதில் சொல்லும் முன்பே அவள் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டாள். கணவன் தரையில் சம்மணமிட்டிருந்தான். மடியில் பத்துக் கிலோ அரிசிப் பை. சாய்ந்துவிடாமல் ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"யார் ஜாடை?" என்றாள்.

"கிண்டல் பண்ணாத லா."

"ரொம்ப அமைதியான பிள்ளையா இருக்கே. அதான் கேட்டேன்." அதைச் சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "புனிதா பாப்பாவுக்கா?"

அவன் தலையசைத்தான். "பவானி, அன்னிக்கு லோரி எதுவும் நிக்கல. நான் கோயில் வரைக்கும் வந்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"சாயங்காலம் உங்க சட்டையத் துவைக்கப் போட்டேனே. ஒரு பொட்டு எண்ணெய் இல்ல, ஒரு கசங்கல் இல்ல. நடுரோட்டுல லோரி பார்த்த சட்டையா அது?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அரிசிப் பையை அவன் மடியிலிருந்து தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "புனிதாகிட்ட சொன்னீங்களா?"

"அவ தாம்பாளத்தோட வந்து கேப்பா. மாமனே போய் என் மடியில வச்சுக் குத்துன்னு சொல்றது முறையில்ல."

"முறையா, ரோஷமா?" என்று கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அரிசிப் பையை வைத்துக்கொண்டு எழும்ப அவனால் முடியவில்லை. ஒரு கை பையைப் பிடித்திருந்தால், ஊன்றுவதற்குக் கை போதவில்லை. அடுத்த சனிக்கிழமை அதை நிர்மலாதேவியிடம் சொன்னான்.

"பிள்ளைய வச்சுக்கிட்டு எழும்ப எனக்கே வராது ணே" என்றாள் அவள். "முதல்ல யார்கிட்டயாவது பிள்ளையக் கொடுங்க. அப்புறம் ஒரு கை கேளுங்க. அவ்ளோதான்."

"கேக்கணும்."

"ஆமா, கேக்கணும். அதுக்கு என்கிட்ட ஆசனம் இல்ல."

குழந்தைக்குப் பத்து மாதம் முடிந்த வாரத்தில் புனிதா தங்கா பத்துவிலிருந்து வந்தாள். கணவன் பிரவின் காரை நிறுத்திக்கொண்டிருந்தான். யுகேந்திரனின் பார்வை முதலில் தங்கையின் கைகளுக்குத்தான் போனது. ஒரு கையில் குழந்தை. மறு கையில் பலகாரம் இருந்த பிளாஸ்டிக் பை. தாம்பாளம் இல்லை. வெற்றிலை பாக்கு இல்லை.

தேநீர் குடித்து முடியும் வரை அவள் வேறு எதையெல்லாமோ பேசினாள். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு கிளினிக்லயே காது குத்திரலாம்னு இருக்கோம். சின்னத் துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. டக்னு முடிஞ்சிரும். அப்புறம் உம்பாய் பக்கம் ஒரு ஹோட்டல்ல சாப்பாடு. மேச, நாற்காலி எல்லாம் நல்லா பெரிசா இருக்கு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது அவளுக்கே உறைத்தது. பிரவின் கைபேசியை எடுத்துப் பார்த்தான். பவானேஸ்வரி சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள்.

தன்னை வருத்தக்கூடாது என்று தங்கை ஒரு சடங்கையே விட்டுக்கொடுக்க வந்திருக்கிறாள் என்பது யுகேந்திரனுக்கு மெல்லத்தான் விளங்கியது. அவள் போய் அந்த ஹோட்டலின் நாற்காலிகளைப் பார்த்துவிட்டுக்கூட வந்திருக்கிறாள். இப்போது 'சரி' என்று சொன்னால் போதும். யாருக்கும் சங்கடம் இல்லை. அந்த அரிசிப் பையும் சமையலறையிலேயே இருக்கும்.

அவன் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வலது முழங்காலைத் தரையில் வைத்தான்.

"அண்ணே, என்ன ஆச்சு? பிரவின், பிடிங்க, பிடிங்க" என்று புனிதா பதறி எழுந்தாள்.

"ஒண்ணும் ஆகல. உக்கார்றேன்."

மறு முழங்காலும் இறங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பைத் தரையில் வைத்தான். பவானேஸ்வரி துண்டை நான்காக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அடியில் வைத்து, காலை அகட்டி, சம்மணமிட்டான். மூச்சு சற்று வாங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்தான். பிரவின் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

"பாப்பாவக் கொடு."

புனிதா குனிந்து குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அது அரிசிப் பை போல இல்லை. நெளிந்தது, சூடாக இருந்தது. அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. பிறகு, சாய்வதற்கு ஓரிடம் கண்டுகொண்டதைப் போல, அவன் வயிற்றில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டது.

புனிதா அவனுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எப்ப ணே இதெல்லாம்?"

"நாலு மாசமா. யோகா போறேன்."

"சொல்லவே இல்ல."

"நீ கேப்பேன்னு இருந்தேன்."

"நான் எப்படிக் கேப்பேன்? அன்னிக்கு அந்த நாற்காலிய நான் போட்டிருக்கக் கூடாது. அதனாலதான நீ…"

"நாற்காலி மேல தப்பு இல்ல. உன் மேலயும் இல்ல. லோரி ஒண்ணும் நிக்கல புனிதா. எல்லாரும் பாயில உக்காந்திருந்தாங்க. பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை அவனுடைய கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டது. உள்ளே மேலெழும்பிக்கொண்டிருந்த இரண்டு பல்லின் முனை அவனுக்குத் தெரிந்தது.

"காதுகுத்த நம்ம கோயில்லயே வையி" என்றான். "என் மடியில வச்சுக் குத்தட்டும். நாற்காலி வேணாம்."

"சரி ணே. சரி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதிதான் சொல்லியிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். இந்தப் பாதியைச் சொல்ல நான்கு மாதம் போதுமாக இருந்தது. மற்ற பாதி, ஐந்து வருடத்துக்கு முன் அந்தத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்க வேண்டியது. அன்றே அதைச் சொல்லியிருந்தால் காரைத் திருப்பியிருக்க மாட்டான். பாதங்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. குழந்தையின் தலைக்கு மேலாகத் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"குத்தி முடிச்சதும் முதல்ல பாப்பாவ வாங்கிக்கோ" என்றான். "அப்புறம் எல்லாரும் பாத்தாலும் பரவால்ல, எனக்கு ஒரு கை கொடு புனிதா. தனியா என்னால எழும்ப முடியாது."